சினை

மார்சிலிங், சிங்கப்பூரின் வடகரையில் அமைந்த குடியிருப்பு. அங்குள்ள வீவக அடுக்குமாடிகளின் மேல்தளத்தில் நின்று நோக்கினால், ஜோகூர் நீரிணையும், 1924ஆம் ஆண்டு முறையாகத் திறந்துவைக்கப்பட்ட கடற்பாலமும், அதற்கப்பால் ஜோகூர் பாரு நகரின் உயர்ந்த கட்டடங்களும் தெரியும். அந்தக் கடல் ஆரவாரம் இல்லாதது. அலை குறைந்தது, சேறு நிறைந்தது, கரையோரம் கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்பது. பெருங்கடலைக் கண்டு வளர்ந்தவர்கள் அதனைக் கடலென்று ஒப்புக்கொள்ளச் சற்றே தயங்குவார்கள்.

அவ்வாறு தயங்கும் பெரியவர் ஒருவர் மார்சிலிங்கில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார். மன்னார் வளைகுடாவின் கரையில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் தொழிலாளியாக இருந்த தந்தையிடம் வந்து சேர்வதற்காக, 1956ஆம் ஆண்டில் தாயுடன் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறியவர். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. அதுவரை அவருக்குப் பள்ளிக்கூடமும் கடலே. விளையாட்டுத் திடலும் கடலே. தாய்மாமனின் வத்தையில் ஏறி, வலை இழுக்கக் கைகொடுத்து, மீன் பிரிக்கக் கற்றவர். பின்னர் வாழ்நாளெல்லாம் கப்பல் பட்டறையில் இரும்போடு பழகியபோதும், கடல் அவருடைய பேச்சை விட்டு நீங்கவில்லை.

2023ஆம் ஆண்டு அவருக்கு எண்பது வயது நிறைந்தது. மகனும் மருமகளும் உறவினர்களை அழைத்து, கடலுணவு உணவகம் ஒன்றில் விருந்துக்கு ஏற்பாடு செய்தனர். உணவகத்தின் வாயிலருகே கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் நண்டுகள், ஒன்றில் கொடுவா மீன்கள், கடைசித் தொட்டியில் சிங்கி இறால்கள். பெரியவர் அந்தக் கடைசித் தொட்டியின் முன் நின்றுவிட்டார். நீண்ட மீசைகளை அசைத்தபடி ஒரு சிங்கி கண்ணாடியின்மீது ஏற முயன்றது. அதன் அடிவயிற்றில், வால் மடிப்புக்குள், செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டைகள் ஒட்டியிருந்தன.

“இது சினைச் சிங்கி. இதை எடுக்கச் சொல்லாதே, தம்பி,” என்றார் மகனிடம்.

மகன் தணிந்த குரலில், “அப்பா, ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் காத்திருக்கிறார்கள். நாம் வேண்டாமென்றால் அடுத்த மேசைக்காரர் வாங்கிக்கொள்வார். இது என்ன, மீண்டும் கடலுக்கா போகப்போகிறது?” என்றார்.

பெரியவரிடம் அதற்கு விடையில்லை. மகன் கூறியதில் பிழையும் இல்லை. சிங்கி வெந்து சிவந்து மேசைக்கு வந்தது. விருந்தினர் சுவைத்தனர். பெரியவர் மட்டும் சோற்றோடும் கீரையோடும் எழுந்தார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி அதைக் கவனித்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபின் அவள் கேட்டாள்: “தாத்தா, ஒரு சிங்கியைத் தின்னாமல் விட்டதனால் என்ன ஆகிவிடப்போகிறது?”

அந்த ஒரு வினாவுக்கு விடைகாணப் பெரியவருக்கும் பேத்திக்கும் ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அவர் தம் நினைவிலிருந்து சொன்னார். அவள் நூலகத்திலிருந்து தேடிக் கொண்டுவந்தாள். இருவரும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒரு சிற்றுயிரின் கதையும், அது குடியிருக்கும் பவளப்பாறையின் கதையும் பிரிக்க முடியாதவை என்பது புலனாகும்.

பெரியவரின் இளமையில் சிங்கிக்கு அவருடைய ஊரில் மதிப்பில்லை. அது வலையில் சிக்கினால் மாமன் முகஞ்சுளிப்பார். அதன் முட்கள் நூலைக் கிழித்துவிடும் என்பதே காரணம். அகப்பட்டதை வீட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். விற்பதற்குச் சந்தைக்குக் கொண்டுபோகமாட்டார்கள். கடலடிப் பாறைத்திட்டை அவ்வூரார் ‘பார்’ என்பர். முத்துக்குளித்த காலத்திலிருந்து வழங்கும் சொல் அது. பாரின்மீது வலை விரிக்க மாமன் அஞ்சுவார். அக்காலத்து வலை பருத்தி நூலால் பின்னியது. மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தியது. பவளக் கொம்பில் மாட்டினால் வலைதான் கிழியும். வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் முதலே போயிற்று. ஆகவே, பாரை விலகியே வலை இறங்கும். மாமனுக்குப் பவளத்தின்மீது இரக்கம் இருந்தது என்று சொல்வதற்கில்லை. வலையின்மீது அக்கறை இருந்தது. அந்த அக்கறையே பாருக்குக் காவலாயிற்று.

அந்தக் காவலை இரண்டு மாற்றங்கள் அகற்றின. ஒன்று, நைலான். பருத்தி நூல் மக்கும், நைலான் மக்காது. பருத்தி நூல் பாறையில் அறுந்தது. நைலானோ பவளக் கிளையை ஒடித்துக்கொண்டு மேலே வந்தது. பின்னர் வந்த தங்கூசி வலையும், மூன்று மடிப்பாகத் தைத்து மீனவர்கள் ‘டிஸ்கோ வலை’ எனப் பெயரிட்டழைத்த வலையும் பாரின்மீதே விரிப்பதற்கு ஏற்றவையாயின. மற்றொன்று, விலை. 1950களில் உறையவைத்த சிங்கி வால்கள் இந்தியாவிலிருந்து அயல்நாடுகளுக்குச் செல்லத் தொடங்கின. 1990களில் உயிருள்ள சிங்கியையே விமானத்தில் அனுப்பும் வாணிகம் வளர்ந்தது. குளிரூட்டிய பெட்டியில் ஈர மரத்தூளுக்கு நடுவே பொதிந்து வைத்தால், நீரைவிட்டு வெளியேயும் அது பல மணி நேரம் உயிர் தரிக்கும். ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற நகரங்களின் கண்ணாடித் தொட்டிகள் அந்தப் பெட்டிகளுக்காகக் காத்திருந்தன. முகஞ்சுளித்து எடுக்கப்பட்ட உயிர், வத்தையில் வரும் பொருள்களிலேயே விலை மிகுந்ததாயிற்று.

விலை மிகுந்த அவ்வுயிரின் வாழ்க்கை வியப்புக்குரியது. வெப்பக் கடலின் முட்சிங்கிக்கு, குளிர்நாட்டுச் சிங்கியைப்போல் பெரிய கொடுக்குகள் இல்லை. உடலெங்கும் முட்களும், கசையைப் போன்ற இரு நீண்ட மீசைகளுமே அதன் படைக்கலங்கள். பகலெல்லாம் பாறைப் பிளவில் பதுங்கியிருக்கும். இரவில் வெளிவந்து நத்தை, சிப்பி, கடல் முள்ளெலி முதலியவற்றைத் தேடி உண்ணும். பவளப்பாறை அதற்கு வீடு. அவ்வீட்டைச் சுற்றி இவ்வுயிர்கள் அளவின்றிப் பெருகாமல் காப்பவற்றுள் அதுவும் ஒன்று. வீடு இடிந்தால் குடியிருப்போன் போவான். குடியிருப்போன் போனால் வீட்டின் ஒழுங்கும் குலையும்.

தாய்ச் சிங்கி ஒரு முறைக்கு லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். உருவில் பெரிய தாய், சிறிய தாயைவிட மிகுதியாகச் சுமக்கும். பொரிந்து வரும் குஞ்சு, தாயைச் சிறிதும் ஒத்திராது. கண்ணாடியில் செய்த இலைபோலத் தட்டையாகவும் ஊடுருவித் தெரிவதாகவும் இருக்கும். ‘ஃபில்லோசோமா’ என அறிவியலார் பெயரிட்ட அந்தப் பருவத்தில், பலமுறை தோலுரித்து, பல மாதங்கள் நீரோட்டத்தின் போக்கில் அது மிதந்து திரியும். அதன் பின்னரே சிங்கியின் வடிவு பெற்று ஏதேனும் ஒரு பாரைத் தேடிக் குடியேறும். மன்னார் வளைகுடாவில் பிறந்தது இலங்கைக் கரையில் குடியேறலாம். இலங்கையில் பிறந்தது இங்கு வந்து சேரலாம். லட்சத்தில் மிகச் சிலவே அந்நெடும் பயணத்தைக் கடந்து கரைசேர்கின்றன. சினையோடு ஒரு தாயை எடுப்பது, தன் ஊர்ப் பாரிலிருந்து மட்டும் எடுப்பதாகாது. முகமறியாத இன்னொருவரின் பாரிலிருந்தும் எடுப்பதாகும்.

இனி வலையின் செயலைக் காணலாம். மாலையில் பாரின்மீது அடிவலை இறங்குகிறது. இரவில் இரை தேடப் புறப்படும் சிங்கி, முட்களால் அதில் சிக்கிக்கொள்கிறது. விடியற்காலையில் வலையை இழுக்கும்போது, அது பவளத்தின் கிளைகளைச் சுற்றியிருக்கும். வலுவாக இழுத்தால் கிளை ஒடியும். மான்கொம்பு போன்ற பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரக்கூடியவை. உருண்டைப் பாறையாகத் திரளும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஓர் இழுப்பில் ஒடிந்ததை மீட்கப் பல ஆண்டுகள் வேண்டும். இழுக்க இயலாது அறுந்த வலைத்துண்டு பாரிலேயே தங்கிவிடும். உரியவன் கைவிட்ட பின்னும் அது நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பவளத்தைப் போர்த்தி ஒளியை மறைக்கும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் கதிரொளியால் உணவு சமைத்தே அதற்கு ஊட்டுகின்றன. ஒளி மறைந்தால் அடுப்பு அவிந்ததற்கு ஒப்பாகும்.

வலையை விடுத்துக் கூடு வைத்தால் தீங்கில்லையா எனப் பேத்தி கேட்டாள். தீங்கு குறையும், முற்றும் நீங்காது. கூடு தான் விழுந்த இடத்தில் பவளத்தை நசுக்கும். அதனை மறைத்து நிறுத்தப் பவளக்கல்லைப் பெயர்த்தெடுத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா முனையில் 1990களின் தொடக்கத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிங்கிக் கூடுகள் கடலில் இருந்தன. புயல் மட்டுமன்று, நாள்கணக்கில் வீசும் பலத்த காற்றும் அக்கூடுகளைக் கடலடியில் இழுத்துச்சென்று பவளத்தையும் கடற்பஞ்சையும் தேய்த்ததை ஆய்வாளர்கள் கண்டனர். ஒவ்வொரு கூட்டுக்கும் சான்றிதழ் என்னும் முறையை 1990களில் அங்கு ஏற்படுத்தி, கூடுகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தனர். கூடு ஒன்றாயின் அது சிறுதொழில். ஒன்பது லட்சமாயின் அதனைச் சிறுதொழில் என்பதெப்படி?

ஆயினும் ஒருபக்க வழக்காக இதனை முடித்துவிடுதல் அறமாகாது. மன்னார் வளைகுடாப் பாறைகளின் முதற்பகைவன் சிங்கி பிடிப்பவன் அல்லன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சூழ்ந்த ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பவளப்பாறைகளில் 32 சதுர கிலோமீட்டர் அளவு முன்னரே சீரழிந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்ததே அதற்குப் பெருங்காரணம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986ஆம் ஆண்டு அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டு வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001ஆம் ஆண்டு பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குப் பின்னரே வெட்டும் தொழில் ஓய்ந்தது. கடலடியை வாரும் இழுவைமடிகளும், கரையிலிருந்து வந்து சேரும் கழிவுகளும் தம் பங்குக்குக் கேடு விளைத்தன. இவற்றுக்கெல்லாம் மேலாகக் கடல் வெப்பம் உயர்ந்தது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் அங்குப் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. அதே ஆண்டுகளில் சிங்கப்பூரின் தென்கடல் பவளங்களும் வெளுத்தன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் இப்பெருங்கேடுகள் சிறு கேட்டைப் பொருளற்றதாக்கிவிடவில்லை. பிணியால் மெலிந்தவன்மேல் விழும் சிற்றடியும் பேரடியே. வெப்பத்தால் வாடிய பார் மீண்டும் தளிர்க்க அமைதி வேண்டும். அந்த அமைதியைத்தான் அன்றாடம் இறங்கும் அடிவலை குலைக்கிறது.

பெரியவரின் தாய்மாமனுடைய பேரன் இன்றும் அவ்வூரில் கடல் தொழில் செய்கிறான். திங்களுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவது வழக்கம். எண்பதாம் ஆண்டு விருந்தில் நிகழ்ந்ததைப் பெரியவர் அவனிடம் சொன்னார். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

“தாத்தா, மீன் விலை டீசலுக்கே கட்டவில்லை. நாலு சிங்கி கிடைத்தால்தான் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம். சினை என்று பார்த்துக் கடலில் விட்டால், அடுத்த வலைக்காரன் எடுத்துக்கொள்வான். நான் விட்டு என்ன பயன்?”

பெரியவர் தொலைபேசியைக் கீழே வைத்தபின் நெடுநேரம் சாளரத்தின் அருகே அமர்ந்திருந்தார். அவன் கூறிய சொற்களை அவர் முன்னரே கேட்டிருந்தார். அடுத்த மேசைக்காரர் வாங்கிக்கொள்வார் என்றார் மகன். அடுத்த வலைக்காரன் எடுத்துக்கொள்வான் என்றான் உறவினன். ஒருவர் குளிரூட்டிய கூடத்தில் நின்று சொன்னார்; மற்றவன் உப்புக்காற்றில் நின்று சொன்னான். ஒரு கயிற்றின் இருமுனைகளைப் பிடித்த இருவரும் அறியாமலே ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இருவரும் கெட்டவர் அல்லர். இருவர் கூற்றும் தனித்தனியே நோக்கினால் உண்மையே. ஆனால், அனைவரும் அந்த உண்மையைச் சொல்லத் தொடங்கும் நாளில் பாரில் சிங்கி இராது. அன்று அடுத்த வலைக்காரனுக்கும் ஒன்றுமில்லை. அடுத்த மேசைக்காரருக்கும் ஒன்றுமில்லை.

“அப்படியானால் எல்லாரும் சேர்ந்து ஒரு விதி வைத்துக்கொள்ளக் கூடாதா, தாத்தா?” என்றாள் பேத்தி. பெரியவருக்குக் கிடைத்த முதல் விடை அவளுடைய அந்தக் கேள்விதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய வணிக அமைச்சு 2003ஆம் ஆண்டு ஏற்றுமதிக்குரிய சிங்கியின் குறைந்த அளவு எடையை வகுத்தது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் பானுலிரஸ் ஹோமாரஸ் இனத்துக்கு 200 கிராம். பானுலிரஸ் ஆர்னேட்டஸ் இனத்துக்கு 500 கிராம். அதற்குக் குறைந்தவற்றை அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. நல்ல விதிதான். ஆனால், அது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிற்கும் விதி. பாருக்கு வந்து நிற்பதில்லை. பிடித்த பின்னரே எடை பார்க்கப்படுகிறது. எடை குறைந்தது உள்ளூர்ச் சந்தைக்குப் போய்விடுகிறது. ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி வாக்கில் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் நடப்பிலுள்ள 61 நாள் தடைக்காலமோ விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகின் அடிவலையை அது தடுப்பதில்லை. இலங்கையின் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. அங்குச் சினைச் சிங்கியைப் பிடிப்பதே குற்றம். பிப்ரவரி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிங்கிப் பிடிப்பு முழுமையாக நிறுத்தப்படுகிறது.

சட்டத்தை எழுதுவது அரசு, காப்பது யார்? இதற்கு மெக்சிகோ நாட்டின் கரீபியக் கரையில் உள்ள புன்டா ஆலன் என்னும் சிற்றூர் ஒரு வழி காட்டுகிறது. அவ்வூரைச் சூழ்ந்த சியான் கான் பகுதியும் மன்னார் தீவுகளைப் போலவே 1986ஆம் ஆண்டில் காக்கப்பட்ட பகுதியானது என்பது ஓர் இனிய பொருத்தம். புன்டா ஆலன் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கமாக இணைந்தவர்கள். வயலுக்கு வரப்பிடுவதைப்போல், தாம் சிங்கி பிடிக்கும் கடற்பரப்பையே அவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். தத்தம் பங்கில் அவர்கள் தாழ்வான கூரை போன்ற நிழற்கூடங்களைக் கடலடியில் அமைத்து வைக்கிறார்கள். சிங்கிகள் தாமே வந்து அவற்றின் கீழ் ஒதுங்குகின்றன. மீனவர் மூச்சடக்கி மூழ்கி, கண்ணால் கண்டு, கையால் பிடிக்கிறார்கள். சிறியதும் சினையுள்ளதும் கடலுக்கே திரும்பும். அவ்வாறு விட்டதை அடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்ற அச்சம் அங்கு இல்லை. எல்லை வகுத்தவனுக்கு நாளையும் அதே இடத்தில் வேலை இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலோ, சினைச் சிங்கி அகப்பட்டால் அதன் வாலில் ஒரு சிறு வெட்டு இட்டுக் கடலில் விடுகிறார்கள். பின்னர் சினை இல்லாத காலத்திலும் அவ்வெட்டைக் கண்ட எவரும் அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. ‘இது தாய்’ என்று ஒரு மீனவன் முகமறியாத இன்னொரு மீனவனுக்கு எழுதும் மடல் அது.

இவற்றையெல்லாம் அப்படியே மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்து நட்டுவிட முடியாது. மக்கள்தொகை வேறு, வறுமை வேறு. ஆயினும் இவற்றின் உட்பொருள் எளிது. தனி மனிதனின் நல்லெண்ணம் மட்டும் பாரைக் காவாது. தன்னைப் போலவே மற்றவனும் விட்டுவைப்பான் என்னும் நம்பிக்கை காக்கும். அந்நம்பிக்கையை உண்டாக்கும் கடமை, வலை விரிப்பவனுக்கு மட்டுமன்று, விலை கொடுப்பவருக்கும் உண்டு. தொட்டி வைத்திருப்பவர் சினையுள்ளதை வாங்க மறுத்தால், வலைக்காரன் அதைக் கொண்டுவர மாட்டான். மேசையில் அமர்ந்தவர் சினையுள்ளதை உண்ண மறுத்தால், தொட்டி வைத்திருப்பவர் அதை வாங்கமாட்டார். கயிறு இருமுனையிலும் தளர வேண்டும்.

இதற்கிடையில் பேத்தி தன் கையாலேயே வலையைத் தொட்டுணரும் வாய்ப்பைப் பெற்றாள். மார்சிலிங்கிலிருந்து தொலைவில்லாத மண்டாய்ச் சேற்றுக்கரையில் லாட நண்டுகள் வாழ்கின்றன. டைனோசர்களுக்கும் முற்பட்ட தொன்மையான குலத்தைச் சேர்ந்த அவை, கைவிடப்பட்ட வலைகளில் சிக்கி மடிவதுண்டு. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக அங்குச் சென்று அவற்றை விடுவித்தும், அளவெடுத்தும் வருகிறார்கள். பேத்தியும் ஒரு காலையில் அவர்களோடு சென்றாள். முழங்கால் அளவு சேற்றில் நின்று, தங்கூசி நூலில் கால்கள் பின்னிக்கிடந்த ஒரு லாட நண்டைச் சிறு கத்தரியால் விடுவித்தாள். வீட்டுக்கு வந்து, சேறு படிந்த வலைத்துண்டைப் பெரியவரிடம் காட்டினாள். அவர் அதை விரல்களால் தடவிப் பார்த்தார்.

“இது அறாது, தாயி. எங்கள் காலத்து நூல் தானே அறும். அறுந்ததால் எங்களுக்கு நட்டம், கடலுக்கு லாபம். இது அறாததால் எங்களுக்கு லாபம், கடலுக்கு நட்டம்,” என்றார்.

சில வாரங்கள் கழித்துப் பள்ளியிலிருந்து அவள் ஓர் ஐயத்தோடு வந்தாள். தமிழ் வகுப்பில் பெயர்ச்சொல்லின் வகைகளை ஆசிரியர் நடத்தியிருக்கிறார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறு. சினைப்பெயருக்குக் கண், கை, கிளை, இலை என எடுத்துக்காட்டுகள் கூறியிருக்கிறார். சினை என்றால் முட்டை என்று மட்டுமே அறிந்திருந்த மாணவி எழுந்து கேட்டிருக்கிறாள். உறுப்பும் சினை, மரக்கிளையும் சினை, மீனின் முட்டையும் சினை என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார்.

“அப்படியானால், தாத்தா, பவளத்தின் கிளையும் சினைதான், சிங்கியின் முட்டையும் சினைதான். ஒரே வலை இரண்டு சினைகளையும் ஒடிக்கிறது,” என்றாள்.

பெரியவர் இலக்கணம் படித்தவரல்லர். ஆனாலும் அந்தச் சொல் அவருக்கு விளங்கியது. சினைக்கு எதிர்ச்சொல் முதல். மரம் முதல், கிளை சினை. முதலின்றிச் சினை இல்லை என்பதை எவரும் அறிவர். சினைகள் எல்லாம் ஒடிந்தபின் முதல் நிற்குமா என்பதை மட்டும் பலர் எண்ணுவதில்லை. இறாலை ‘இறவு’ என்றும் பவளத்தைத் ‘துகிர்’ என்றும் அழைத்து நெய்தல் நிலத்தைப் பாடிய தொல்மரபு தமிழுக்கு உண்டு. அந்த நெய்தல் ஏட்டில் மட்டும் வாழும் திணையன்று. மண்டபத்தின் பாரிலும், மண்டாயின் சேற்றிலும், உணவகத்தின் கண்ணாடித் தொட்டியிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. வகுப்பறையில் அதைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும், அதன் கருப்பொருள்களின் இன்றைய நிலையையும் ஒருசேரக் கற்பது பொருத்தமாகும்.

2024ஆம் ஆண்டு பெரியவருக்கு எண்பத்தொன்று. சென்ற ஆண்டைப் போன்ற பெருவிருந்து இல்லை. வீட்டார் மட்டும் அதே உணவகத்துக்குச் சென்றார்கள். பெரியவர் இம்முறை தொட்டிகளின் பக்கம் திரும்பவில்லை. நேரே போய் இருக்கையில் அமர்ந்தார். பணியாளர் வந்து நின்றார். மகன் உணவுப் பட்டியலை மூடி வைத்துவிட்டு அவரிடம் கேட்டார்: “சிங்கி எந்தக் கடலிலிருந்து வருகிறது? சினை இல்லாததாகக் கொடுக்க முடியுமா?”

பணியாளர் விழித்தார். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்று கூறி, உள்ளே சென்று மேலாளரை அழைத்து வந்தார். மேலாளருக்கும் தெரியவில்லை, விசாரித்து வைப்பதாகச் சொன்னார். “அப்படியானால் இன்றைக்குக் கொடுவா மீன் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது கேட்கிறேன்,” என்றார் மகன்.

பேத்தி பாட்டனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீன் வந்ததும், தலைப்பகுதியை எடுத்து மகனுடைய தட்டில் வைத்தார்.